கதவுக்காரரின் இடது தோள்

என் வலது கட்டைவிரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. நான் தையல்காரன். கட்டைவிரல் மடங்காவிட்டால் ஒரு பொத்தான் தைப்பதற்குள் உயிர் போய்விடும். அதை முறித்தவர் என் கடையிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறார். அவரைத் திட்டித் தீர்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு மாதிரி ஆகிவிட்டது.

நகர்மன்றக் கட்டடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. சம்பளப் பட்டியலில் காவலர் என்று இருக்கும். ஊருக்கு அவர் கதவுக்காரர். எங்கள் தெருவுக்கு மட்டும் அண்ணன். அவர் செய்ய வேண்டியது இரண்டு காரியம். வாக்கெடுப்புக்கு முன்னால் மன்றத்தின் பெரிய இரட்டைக் கதவைச் சாத்திவிட்டு, உள்பக்கம் திரும்பி நின்று, "கதவு சாத்தியாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவர் வாயால் சொன்ன அதை எழுத்தர் குறிப்பேட்டில் ஏற்றிய பிறகுதான் உறுப்பினர்கள் கை தூக்கலாம். ஒருமுறை கதவு திறந்து கிடந்தபோது எடுத்த முடிவைக் கோர்ட்டு செல்லாது என்று தள்ளிவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. இரண்டாவது காரியம், அதே கதவு வழியாக ஆட்களை வெளியே தூக்கிப் போடுவது.

ஒரு தெருவைப் பாதிக்கிற விஷயம் மன்றத்துக்கு வந்தால் அந்தத் தெருக்காரர்கள் டோக்கன் வாங்கிப் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். கதவுக்குப் பக்கத்தில் பித்தளைக் கம்பி போட்ட ஒரு மேடை இருக்கும், அதில் ஏறி நின்று பேச வேண்டும். மணி அடித்ததும் இறங்கிவிட வேண்டும். வீடு போகிறது, கடை போகிறது என்று வந்தவன் மணி அடித்ததும் வணக்கம் சொல்லி இறங்குவானா? கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவான். அப்போது தலைவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அண்ணன் வருவார்.

அவர் உடம்பை வைத்தே நகர்மன்ற வரலாற்றைச் சொல்லிவிடலாம். வலது முன்கையில் பல் தடம்: மீன் மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மாற்றியபோது ஒரு மீன்காரம்மா கடித்தது. புருவத்துக்கு மேலே ஏழு தையல்: விளையாட்டு மைதானத்தை வண்டி நிறுத்துமிடமாக மாற்றிய அன்று ஓர் உடற்பயிற்சி வாத்தியார் மைக்கைப் பிடுங்கி எறிந்தது. தொடையில் ஒரு நீலப் புள்ளி. கடைத்தெருவை ஒருவழிப் பாதை ஆக்கியதற்குப் பரம சாதுவான ஒரு கண்ணாடிக் கடைக்காரர் பேனாவால் குத்தினார். குத்திவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கேட்டாராம்.

யாரையும் அடித்ததில்லை என்பது அண்ணனுக்கு ஒரு பெருமை. உண்மைதான், அடிக்க மாட்டார். கம்பியைப் பிடித்திருக்கும் கையில் கட்டைவிரலை மட்டும் தேடி எடுத்துப் பின்னால் வளைப்பார். பிடி விட்டதும் இடுப்பு பெல்ட்டில் ஒரு கை, கக்கத்தில் ஒரு கை. நாற்பது வினாடியில் நாம் நடைக்கூடத்தில் கிடப்போம். சட்டை கிழிந்திருக்கும், முட்டி பெயர்ந்திருக்கும். ஆனால் அடி மட்டும் விழுந்திருக்காது.

இடது தோள் கதை எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பஸ் நிலையத்தை மாற்றிய வருடம் ஒரு ஓட்டல்காரர் நாற்காலியை அவர் தோளில் போட்டு உடைத்தார். தோள் மூட்டு கழன்றது. அதன் பிறகு வருடத்துக்கு நாலைந்து தடவை அது தானாகவே கழன்றுகொள்ள ஆரம்பித்தது. ஆபீசில் தெரிந்தால் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை முடியும்வரை நின்றுவிட்டு, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் படுப்பார். அண்ணி அவர் கக்கத்தில் குதிகாலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஒரு திருப்புத் திருப்புவார். டொக்கென்று உட்கார்ந்துவிடும். அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். ஈரப் போர்வையைத் தனி ஆளாகப் பிழிகிற கை அது.

எங்கள் தெரு கால்வாய்க் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் நாற்பத்தொரு வீடு, இன்னொரு பக்கம் தண்ணீர். தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அண்ணன் வீடு பத்தொன்பதாம் எண். பதினோரு வருடம் கட்டினார்கள், ஓர் அறை முடித்து மூச்சு வாங்கி அடுத்த அறை என்று. இரண்டாவது அறைக்குக் கூரை போட்டது போன வருடம்தான். அந்தத் தெருவைத்தான் மன்றத்தின் கடைசிக் கூட்டத்தில் பதினான்காவது பொருளாகச் சேர்த்திருந்தார்கள். கால்வாய்க் கரைச் சாலையை அகலப்படுத்த நாற்பத்தொரு கட்டுமானங்களை அகற்றுதல் என்று அச்சடித்திருந்தது. வீடு என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அன்று மாலை ஆறு மணியோடு அந்த மன்றத்தின் காலம் முடிகிறது. ஆறுக்கு மேல் கை தூக்கினால் அது வெறும் கை தூக்கல்தான். அப்புறம் தேர்தல், புது மன்றம், எல்லாம் முதலிலிருந்து. எங்கள் பொருள் மூன்றே முக்கால் மணிக்கு வரும் என்று எழுத்தர் சொன்னார். முப்பத்தொரு பேர் டோக்கன் போட்டோம். நான் கடையில் சாக்பீஸால் துணி மேலேயே கணக்குப் போட்டேன். பேசுவது ஆளுக்கு மூன்று நிமிடம், அதற்கு மேல் கம்பியை விடாமல் ஒன்றரை நிமிடம். அவ்வளவு தாங்கினால் ஆறு மணி தாண்டிவிடும். அந்த ஒன்றரை நிமிடம் அண்ணன் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் அவர் வீட்டுக்குப் போனோம். பெரிய உதவி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் மெதுவாக இழுங்கள், அவ்வளவுதான். அவர் எங்களை உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார், முடியாது என்றார். நான் சூடாகிவிட்டேன். போவது உங்கள் வீடும்தானே என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வருஷமா, வீடு போகுதுன்னு அழுதவங்களைத் தூக்கி வெளிய போட்டிருக்கேன் தம்பி," என்றார். "என் வீடுன்னு வந்ததும் கை தளர்ந்தா, அவங்க மூஞ்சில எல்லாம் நான் எப்படி முழிக்கிறது?"

அண்ணி அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஆறு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம் மட்டும் என் கடைவரை கேட்டது.

கூட்டத்தன்று நாங்கள் கெட்டித் துணியில் சட்டை போட்டுக்கொண்டு போனோம். இடுப்பு பெல்ட்டை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டோம். அதெல்லாம் என் யோசனை. ஒன்றும் பலிக்கவில்லை. முதல் ஆளை நாற்பது வினாடியில் வெளியே போட்டார். நான்காம் டோக்கன் தச்சர், ஆள் மாடு மாதிரி இருப்பார், கம்பியைக் காலாலும் கவ்விக்கொண்டார். அண்ணன் அவர் காதைப் பிடித்துத் தலையைத் திருப்பினார். தச்சரின் தாடை கம்பியில் மோதி உதடு பிளந்தது. பெண்களுக்கு என்று இரண்டு பெண் காவலர்களைப் போட்டிருந்தார்கள். பால்காரம்மா அவர்களில் ஒருத்தியின் முடியைக் கொத்தாகப் பிடுங்கிவிட்டார். அந்தக் காவலர் அவர் வயிற்றில் முட்டியால் இடித்தாள். மேடைக்கும் கதவுக்கும் நடுவில் தரை ரத்தத்தில் வழுக்க ஆரம்பித்தது. துடைக்க ஆள் வந்தான். தலைவர் அவனைப் பார்த்து, அப்புறம் பார்க்கலாம், நேரமாகிறது என்றார்.

பதினேழாம் டோக்கன் நான். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. மணி அடித்தது. அண்ணன் மூச்சு என் கழுத்தில் பட்டது. "விட்டுடுங்க தம்பி, தையல் கை," என்று காதுக்குள் சொன்னார். நான் விடவில்லை. ஈரச் சுள்ளியை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் நடைக்கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து, பக்கத்தில் தச்சர் ரத்தம் துப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு முழுக்கத் திறந்திருந்ததால் உள்ளே நடந்தது எல்லாம் தெரிந்தது.

இருபத்தாறாம் டோக்கன் அண்ணியின் தம்பி. சரக்கு வண்டி ஓட்டுகிறவன், முன்கோபி. மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. மச்சான் பக்கத்தில் வந்ததும் கையில் இருந்த ஹெல்மெட்டால் நெற்றியில் ஓங்கி அடித்தான். மறுபடியும் அடித்தான். அண்ணனின் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கண் தெரியாமலே மச்சினனின் காலரைப் பிடித்தார், மேடைப் படியில் தரதரவென்று இழுத்தார். படி மூன்று. மூன்றிலும் அவன் முகம் இடித்தது. எங்களிடம் வந்து விழும்போது மூன்று பல் இல்லை. படிக்கு ஒன்று. அண்ணி உள்ளே தன் முறைக்காக உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கடைசி, முப்பத்தொன்றாம் டோக்கன். அவர் மேடை ஏறியபோது கடிகாரத்தில் ஐந்து முப்பத்தைந்து. நாங்கள் தோற்றுவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மூன்று நிமிடத்தில் இறங்கினால், வாக்கெடுப்பு நடத்தி டீயும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போக அவர்களுக்கு நேரம் இருந்தது. அண்ணி பத்தொன்பதாம் எண் வீட்டைப் பற்றிப் பேசினார். எந்த வருடம் எந்தச் சுவர் எழுப்பினோம் என்று சொன்னார். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றார். "அது என் நேரம். நான் சும்மா நிக்கப் போறேன்."

நின்றார். மன்றம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மணி அடித்தது. பெண் காவலர் வந்து தோளில் கை வைத்தாள். அண்ணி அந்தக் கையைப் பிடித்து முறுக்கி அவளைப் படிக்குக் கீழே தள்ளினார். "என் மேல கை வைக்கணும்னா அவரு வரட்டும்," என்றார்.

தலைவர் கதவுப் பக்கம் பார்த்தார். அப்புறம் அண்ணன் முகத்து ரத்தத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

அண்ணி கம்பியைப் பிடிக்கவே இல்லை. அண்ணன் இடுப்பில் கை கொடுத்ததும் கூடவே நடந்து வந்தார். கதவு நிலை வரை வந்தார். அங்கே சட்டென்று திரும்பி அவருடைய இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். சமையலறைத் தரையில் மாட்டிவிடுவதற்குச் செய்கிற அதே திருப்பை எதிர்ப்பக்கமாகச் செய்தார். டொக். கதவுக்காரர் வலியில் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. பாதி உடம்பு மன்றத்துக்குள், பாதி நடைக்கூடத்தில், நிலைக்குக் குறுக்கே விழுந்தார். அண்ணி விடவில்லை. விழுந்தவரின் விலாவில் உதைத்தார். இன்னொரு உதை. வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து அண்ணியின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் கால் அவரை நோக்கியே எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தது.

மணி ஐந்து நாற்பத்தொன்று. கதவு சாத்த முடியவில்லை.

முதலில் யாருக்கும் அது உறைக்கவில்லை. தலைவர் வாக்கெடுப்பு என்றார். எழுத்தர் பேனாவை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார், கதவு சாத்தியாச்சா? தரையில் கிடந்த அண்ணன், "இல்லை," என்றார்.

இரண்டு காவலர்கள் காலைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார்கள். அலறினார். உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். ஒருவனின் தாடையில் எட்டி உதைத்தார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடிபட்டவரை மருத்துவ ஆள் வராமல் தொடக் கூடாது, நாளைக்குக் கேஸ் ஆகும் என்று எழுத்தர் கையைப் பிசைந்தார். தலைவரே இருக்கையை விட்டு இறங்கி வந்தார். அண்ணன் தலைமாட்டில் குனிந்து, ஒரு வார்த்தை சொல்லிவிடு, பென்ஷனோடு போய்ச் சேரலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலை ஒப்பந்தக்காரரின் மாமனார் அந்த மன்றத்தில் உறுப்பினர். அவருக்குப் பொறுமை போய்விட்டது. கனமான கதவை இரண்டு கையாலும் பிடித்து அண்ணன் உடம்பின் மேல் அறைந்தார். திறந்து மறுபடியும் அறைந்தார். விலா எலும்பு போகிற சத்தம் சுவரோரம் இருந்த எங்களுக்குக் கேட்டது. நான் எழுந்து ஓடினேன். ஒரு போலீஸ்காரன் முறிந்த கட்டைவிரலைப் பார்த்துத் தடியால் ஒன்று போட்டான், அங்கேயே மடங்கி விழுந்தேன். மூன்றாவது தடவை கதவு அறைந்தது. எழுத்தர் கேட்டார், சாத்தியாச்சா?

"இல்லை," என்றார் அண்ணன். வாயோரம் ரத்த நுரை. "கதவு சாத்தலை. எழுதிக்கோங்க."

எழுத்தர் எழுதினார். நான் பார்த்தேன். தலை குனிந்து, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதினார். இன்னும் இரண்டு தடவை அப்படி எழுதினார். ஆம்புலன்ஸ் ஆள் வந்தபோது ஆறு அடித்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மாமனார் சட்டையெல்லாம் வியர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அடியெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் அண்ணி லாக்கப்பில் இருந்தார். பணியில் இருந்த ஊழியரைத் தாக்கி உறுப்பை முடமாக்கியதாகக் கேஸ், உள்ளே தள்ளினால் ஏழு வருடம் வரை போகும் என்றார் வக்கீல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணனிடம் வாக்குமூலம் வாங்க வந்தார்கள். அவள் என்னை ஒன்றும் செய்யவில்லை, என் தோள் ஏழு வருடமாகக் கழன்று கழன்று மாட்டுகிறது, அன்றைக்கும் தானாகக் கழன்றது என்று சொல்லிவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரும் பழைய மூட்டு என்று எழுதிக் கொடுத்தார். அண்ணி வெளியே வந்தார். உடல் தகுதியை மறைத்து வேலை பார்த்ததற்காக அண்ணனை நீக்கினார்கள். பென்ஷனும் போயிற்று. வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய்க்கு அந்த விலை.

அவர் வீட்டுக்கு வந்த அன்று நான் பார்க்கப் போனேன். கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பிக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்து, சரியாக நிலையில் வைத்துத்தானே அண்ணி கையைத் திருப்பினார் என்று நான் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அண்ணி குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. என் தம்பி பல்லை உடைச்சாரு. இவரை அடிக்கணும்னுதான் அடிச்சேன்," என்றார்.

"தெரியும்," என்றார் அண்ணன். அண்ணி தட்டைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்தார்.

ஐந்து மாதம் கழித்துத் தேர்தல் முடிந்து புது மன்றம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து கும்பிட்டவர்கள்தான் அதில் பாதிப்பேர். முதல் கூட்டத்துக்கான பட்டியலை நேற்று ஒட்டினார்கள். நாற்பத்தொரு கட்டுமானங்கள், இந்தத் தடவை மூன்றாவது பொருள்.

இன்று காலை டோக்கன் வாங்க வரிசையில் நின்றோம், வீட்டுக்கு ஓர் ஆள். அண்ணன் எல்லோருக்கும் முன்னாலேயே வந்திருந்தார். ஆனால் வருகிறவர்களை எல்லாம் முன்னே விட்டுவிட்டுப் பின்னால் பின்னால் நகர்ந்தார். மச்சினனையும் முன்னே விட்டார். அவன் பல் இல்லாத வாயை மூடிக்கொண்டு கடந்து போனான். கடைசியில் நாற்பத்தொன்றாம் டோக்கனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் கடைசி என்று கேட்டேன்.

"வாக்கெடுப்புக்கு முன்னால கதவு வழியாப் போற கடைசி ஆளு நானா இருக்கணும்," என்றார். "இப்ப கதவுல நிக்கிற புதுப் பையனுக்கு அங்க இருந்தப்போ நான்தான் வேலை பழக்கினேன். அவன் எப்பவும் இடது பக்கமாத்தான் வந்து பிடிப்பான்."

வாக்கெடுப்பு ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும். அண்ணி பக்கத்தில் நின்று, கூட்டம் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். சலவைப் பிரிவில் அன்றைக்கு லீவு சொல்ல வேண்டுமாம், தோளை மாட்டிவிட ஆள் வேண்டும் இல்லையா.